நெடும்பயணத்தில் உபரி பெட்ரோல்: சட்டமும் பாதுகாப்பும்

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், கேலாங்குக்குச் சற்று முன்னால் இருக்கிறது தாண்டி என்ற சிற்றூர். 'அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால்' என்று அங்குள்ள பங்கில் வைத்த அறிவிப்புப் பலகையைத் தெரியாத பைக் பயணிகள் குறைவு. லடாக் போகும் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலரும் அந்தப் பலகையை மனதில் வைத்தே உபரி பெட்ரோலுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். தேவை நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெட்ரோல் தண்ணீர் பாட்டிலிலும், குளிர்பான பாட்டிலிலும், சமையல் எண்ணெய் வந்த பழைய கேனிலும் பயணம் செய்வது உயிரோடு விளையாடுவதாகும்.

முதலில் கணக்குப் போடுங்கள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கோ, பெங்களூருக்கோ நெடுஞ்சாலையில் போகிறவருக்கு உபரி பெட்ரோல் தேவையே இல்லை. வழிநெடுக பங்குகள் உண்டு. டேங்க் பாதியானதும் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் போதும்.

மலைப்பாதையின் கணக்கு வேறு. 13 லிட்டர் டேங்க் உள்ள வண்டி சமவெளியில் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தருகிறது என்று கொள்வோம். சுமையோடு கணவாய்களில் ஏறும்போது மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று எச்சரிக்கையாகக் கணக்கிட்டால், முழு டேங்கில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போகலாம். 365-க்கு மீதி 65 கிலோமீட்டர். அதற்கு 3 லிட்டர் வேண்டும். பாதை மாறினாலும் திரும்பி வர நேர்ந்தாலும் சமாளிக்க 5 லிட்டர் போதும். லே நகருக்கு முன்னால் காரு என்ற இடத்திலும் பங்க் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்புத் தீர்ந்திருக்கலாம் என்று எண்ணியே திட்டமிடுவது நல்லது. தேவைக்கு மேல் சுமக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஆபத்தை வளர்க்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் பெட்ரோலை 'ஏ' வகுப்பில் வைக்கிறது. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவியை வெளிவிடும் பொருட்களின் வகுப்பு அது. விற்பனைக்காக அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. எனவே 5 லிட்டர் பெட்ரோலை எடுத்துச் செல்வது குற்றமல்ல. அதை எதில் எடுத்துச் செல்கிறோம் என்பதில்தான் சிக்கல் வருகிறது.

அதே பிரிவு கலன்களையும் வரையறுக்கிறது. இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் வகை மண்கலம், உலோகம் ஆகிய மூன்றே அதில் உண்டு. முதல் இரண்டும் 1 லிட்டருக்கு மேற்படக் கூடாது. உலோகக் கலன் 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது. கண்ணாடி உடையும் என்பதால் பைக்கில் அதை நினைக்கவே வேண்டாம். 1 லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் கலன், தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரி ஒப்புதல் அளித்த வகையாக இருக்க வேண்டும் என்றும், கலனில் குறைந்தது 5 சதவீத இடம் காலியாக விடப்பட வேண்டும் என்றும் 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் விதிகள் கூறுகின்றன. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே பங்க் ஊழியர் பாட்டிலில் ஊற்ற மறுத்தால் அவரோடு சண்டை போடாதீர்கள். அவர் செய்வது சரி.

ரயிலில் பெட்ரோல் கொண்டுசெல்வது தனிக் குற்றம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 164-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பைக்கைப் பார்சலில் அனுப்புகிறவர்கள் டேங்கைக் காலி செய்தே ஒப்படைக்க வேண்டும். விமானத்தில் உபரி பெட்ரோலுக்கு இடமே இல்லை. பெட்ரோல் வாடை வீசும் காலிக் கேனையும் எடுத்துப் போகாதீர்கள்.

ஆபத்து ஆவியில் இருக்கிறது

எரிவது பெட்ரோலின் ஆவி. பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே உள்ள குளிரிலும் தீப்பற்றும் அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு பரவி, தள்ளி எரியும் அடுப்பையும் சூடான சைலன்சரையும் எட்டும்.

வெயிலில் பெட்ரோல் விரியும். 5 லிட்டரின் வெப்பநிலை 25 டிகிரி உயர்ந்தால், சுமார் 120 மில்லிலிட்டர் கூடுகிறது. விளிம்பு வரை நிரப்பிய கேன் கசிவது இதனால்தான். உயரமும் இதேபோல் தொல்லை தரும். மணாலி-லே சாலையில் வரும் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். கீழே மூடிய கேன் மேலே போனதும் உப்பி நிற்கும். சட்டென்று திறந்தால் ஆவி முகத்தில் பீறிடும்.

செய்ய வேண்டியவை

- நல்ல ரப்பர் வாஷரும் இறுக்கமான மூடியும் உள்ள, ஒப்புதல் பெற்ற உலோகக் கேனையே வாங்குங்கள். முந்தைய நாளே சிறிது பெட்ரோல் ஊற்றி, வெட்டவெளியில் கவிழ்த்துக் கசிவைச் சோதியுங்கள்.
- பங்கில் கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். நிலைமின்சாரப் பொறி எழாமல் இருக்க, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும்.
- பத்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள்.
- சைலன்சர் இல்லாத பக்கத்தில், வண்டியோடு இறுகப் பிணைத்த சட்டத்தில் கேனை நிறுத்திவைத்துக் கட்டுங்கள். முதுகுப்பையிலும், சார்ஜர் வயர் போகும் பையிலும், வண்டி சாய்ந்தால் கால் நசுங்கும் இடத்திலும் வேண்டாம்.
- டேங்கில் 5 லிட்டர் தீர்ந்ததும், ரிசர்வ் வரும்வரை காத்திராமல் கேனில் உள்ளதை டேங்கில் ஊற்றிவிடுங்கள். வண்டியில் பெட்ரோலுக்கு மிகப் பாதுகாப்பான இடம் டேங்க்தான்.
- ஊற்றும் முன் இன்ஜின் ஆறட்டும். மூடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, மெல்லத் தளர்த்துங்கள். சிகரெட் பற்றவைத்தவர் எவரும் அருகில் நிற்கக் கூடாது.
- காலியான கேனிலும் ஆவி நிறைந்திருக்கும். அதையும் இறுக மூடுங்கள். கூடாரத்துக்குள்ளும் விடுதி அறைக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்

ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோல் எடுக்க, குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கத்தைக் கைவிடுங்கள். சில சொட்டுகள் நுரையீரலுக்குள் போனாலே கடும் அழற்சி உண்டாகும். கைப்பம்ப் பொருத்திய குழாய் குறைந்த விலையில் கிடைக்கிறது. யாராவது பெட்ரோலை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மீந்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைப்பது, குழந்தை எடுத்துக் குடிப்பதற்கு நாமே வழிசெய்வது போன்றது.

உடையில் பெட்ரோல் கொட்டினால் நெருப்பிலிருந்து விலகி, உடையைக் களைந்து, சோப்பால் கழுவுங்கள். தரையில் கொட்டிய பெட்ரோல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும். உலர்தூள் தீயணைப்பான் அல்லது மணல் உதவும். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடட்டும். மாவு, மை, பற்பசை எதையும் தடவ வேண்டாம். அவசர உதவிக்கு 112.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033-ஐ அழைக்கலாம். சாலையோர உதவி சேர்த்த காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில், வண்டி நின்ற இடத்துக்கே எரிபொருள் கொண்டுவந்து தரும் வசதி உண்டு. கிளம்பும் முன் பாலிசியைப் படித்துப் பாருங்கள். பங்கில் அளவு குறைவதாக ஐயம் எழுந்தால், 5 லிட்டர் முத்திரைக் குவளையில் அளந்து காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.

மலையில் சிக்னல் இல்லாத இடங்களில் எந்த எண்ணும் உதவாது. அங்கே துணை வண்டியோடு போங்கள். எடுத்துப் போவது 5 லிட்டராக இருந்தாலும் உலோகக் கேனில் எடுத்துப் போங்கள். பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவரும் நண்பரைக் கிளம்பும் முன்பே தடுத்து நிறுத்துங்கள்.