சிப்பி சாப்பிட்டால் ஞாபகம் போகுமா? போயிருக்கிறது, தெரியுமா!

1987 நவம்பர். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த சிப்பி. சாப்பிட்டவர்களுக்கு முதலில் வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, பேதி. வழக்கமான வயிற்றுக் கோளாறுதானே? அங்கேதான் அதிர்ச்சி! 2 நாளுக்குள் சிலருக்கு ஊரும் தேதியும் குழம்பின, வலிப்பு வந்தது, சிலர் கோமாவில் விழுந்தார்கள்! பாதிக்கப்பட்டவர்கள் 107 பேர். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஞாபக இழப்பு!

விஷத்தைக் காட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? சுண்டெலி! சிப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றியதும், எலி பின்னங்காலைத் தூக்கித் தோள்பட்டையைப் பரபரவென்று சொறிய ஆரம்பித்தது! பிறகு வலிப்பு, மரணம். ஆய்வகத்துக்குப் பழக்கமான சிப்பி விஷம் எதுவும் எலியை இப்படிச் சொறியவைத்ததில்லை. அப்படியானால் இது புது ஆள்! ஹாலிஃபாக்ஸ் ஆய்வகத்தில் ஒரு படையே உட்கார்ந்தது. விடை கிடைக்க எவ்வளவு நேரம்? வெறும் 104 மணி நேரம்! பெயர்: டோமோயிக் அமிலம். தயாரித்தது கண்ணுக்கே தெரியாத ஒரு கடல் பாசி!

இன்னொரு வேடிக்கை: இதே அமிலத்தை 1958-லேயே ஜப்பானில் ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். எதற்கு? குடற்புழு மருந்துக்காக! அளவு மிகச் சிறியது என்பதால் அங்கே யாரும் எதையும் மறக்கவில்லை.

மூளைக்குள் என்ன நடந்தது? நரம்புகள் பேசிக்கொள்ளப் பயன்படும் குளூட்டமேட் மாதிரியே வேஷம் போடுகிறது இந்த அமிலம். நரம்பணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டுச் செத்தே போகின்றன! அந்தச் சிப்பியால் இறந்துபோனவர்களின் மூளையைப் பார்த்தபோது, ஞாபகத்தின் தலைமையகமான ஹிப்போகேம்பஸ் சிதைந்திருந்தது. பிழைத்தவர்களில் 14 பேரைப் பல மாதம் கழித்துச் சோதித்தார்கள். 12 பேருக்குப் புதிதாக எதையும் மனதில் தக்கவைப்பதே பெரும்பாடு! மற்ற அறிவு? பெரும்பாலும் அப்படியே இருந்தது! எனக்கென்னவோ, இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம்.

ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படம் பார்த்திருக்கிறீர்களா? 1961 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் கேப்பிடோலா ஊரில், கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக வீடுகளில் மோதி விழுந்தன! அந்தச் செய்தியை அவர் கேட்டு வாங்கிப் படித்தார். 1963-ல் படம் வந்தது. பிற்காலத்தில் அந்த வருடம் கடலில் சேகரித்த நுண்ணுயிர் விலங்குகளின் மாதிரிகளைத் தோண்டியெடுத்துப் பார்த்தால், அவற்றின் வயிற்றில் இதே விஷப் பாசி வகை!

நம் பக்கத்திலும் சிப்பி விஷம் உண்டு. அது வேறு ரகம். 1981-ல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரியில்; 3 பேர் பலி! இந்த ரகத்தில் உதடு மரத்துப்போகும், கை கால் தளரும், மூச்சுத் தசையே நின்றுவிடலாம். மனம் மட்டும் தெளிவு! முறிமருந்து? கிடையாது! செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். விஷம் சிறுநீரோடு வெளியேறிவிடும். வேகவைத்தால் போகுமா? போகாது!

இந்த விஷத்தை எந்த அலகில் அளந்தார்கள் தெரியுமா? 'எலி அலகு'! 20 கிராம் எடையுள்ள எலியை 15 நிமிஷத்தில் கொல்லும் அளவுதான் 1 அலகு!