எல்.இ.டி. பல்பும் இருபத்தைந்தாயிரம் மணி நேரமும்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் காதில் விழும் தூரத்தில் எங்கள் வீடு. பழைய ஓட்டு வீடு. மாடிக்குப் போகும் மரப்படி குறுகலானது, பகலிலேயே இருட்டு. அந்தப் படிக்கு மேல் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டிருந்தேன். அட்டையில் '25,000 மணி நேரம்' என்று கொட்டை எழுத்து. தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் பதினோரு ஆண்டுக் கணக்கு. ஆனால் ஏழாவது மாதமே பல்பு விட்டுவிட்டுச் சிமிட்ட ஆரம்பித்தது. 'நாளைக்கு மாத்திக்கலாம்' என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு ராத்திரி அது ஒரேயடியாக அணைந்தபோது, எண்பது வயதைத் தாண்டிய என் தாயார் கடைசிப் படி தெரியாமல் கால் வைத்து விழுந்தார்கள். மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

சாலைக் கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய், "ஏழு மாசம்கூடத் தாங்கலியே அண்ணாச்சி, இது என்ன கணக்கு?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், டப்பாவுல போட்டிருக்கது உள்ள இருக்க சில்லுக்கு உள்ள கணக்காக்கும். பல்புக்குன்னு யாரு சொன்னா?" என்றார். இந்த ஒரே வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆயிரம் மணியிலிருந்து...

திருவனந்தபுரம் நகருக்கு 1929-இல் மின்சாரம் வந்தது. அதன் நினைவாகப் பழவங்காடிக்குப் பக்கத்திலேயே பவர்ஹவுஸ் ரோடு இன்றும் இருக்கிறது. அன்று வந்த குண்டு பல்பின் ஆயுள் சுமார் 1,000 மணி நேரம். இந்த ஆயிரமும் இயற்கை வகுத்த எல்லை அல்ல. உலகின் பெரிய பல்புக் கம்பெனிகள் 1924-இல் ஜெனீவாவில் கூடி, 'ஃபீபஸ்' என்ற கூட்டமைப்பின் வழியாக, தங்கள் பல்புகள் ஆயிரம் மணிக்கு மேல் எரியக்கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டது வரலாறு.

எல்.இ.டி. வந்த கதை வேறு. நீல ஒளி தரும் டையோடைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூசியதும் வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. இந்தியாவில் 2015 ஜனவரியில் 'உஜாலா' திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கான பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2014-இல் 310 ரூபாயாக இருந்த அரசுக் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. கேரள மின்வாரியமும் 'ஃபிலமென்ட் ஃப்ரீ கேரளா' திட்டத்தில் 9 வாட் பல்பை 65 ரூபாய்க்கு, மூன்றாண்டு உத்தரவாதத்துடன் வழங்கியது.

அட்டையில் உள்ள கணக்கு

25,000 மணி நேரம் என்பது இடைவிடாமல் எரித்தால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அத்தனை காலம் எரியவிட்டுப் பார்த்துவிட்டா கம்பெனிகள் விற்பனைக்கு அனுப்புகின்றன? இல்லை. சில்லை மட்டும் தனியாக எடுத்து, குறைந்தது 6,000 மணி நேரம் எரித்து, வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறார்கள். அந்தப் போக்கை வைத்து ஆறு மடங்கு வரை முன்கணக்குப் போடலாம் என்பது வழக்கில் உள்ள விதி. வெளிச்சம் முதல்நாள் அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கும் நேரமே பெரும்பாலும் 'ஆயுள்' எனப்படுகிறது. அதுவும் சராசரிக் கணக்கு. நூறு பல்பில் ஐம்பது அதற்கு முன்பே போனாலும் கணக்கு தப்பாகாது!

சாகிறது எது?

சில்லு நேராக 230 வோல்ட்டில் எரியாது. அதற்கேற்றபடி மின்சாரத்தை மாற்றித் தர, பல்பின் கழுத்துக்குள் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. 'டிரைவர்' என்பார்கள். அதிலே உள்ள மின்தேக்கி, அதாவது கடைக்காரர் சொல்லும் கப்பாசிட்டர், பலவற்றில் திரவம் ஊறிய வகை. சூட்டில் திரவம் மெல்ல வற்றும். பொதுவிதி என்னவென்றால், வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி தாங்கும் ஒன்று, 85 டிகிரியில் 8,000 மணியும், 65 டிகிரியில் 32,000 மணியும் தாங்கும். குண்டு பல்பு தன் சூட்டைப் பெரும்பாலும் கதிராகவே வெளியே வீசிவிடும். எல்.இ.டி.யின் சூடோ உடம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். நான் அதை மூடிய குடுவைக்குள் அடைத்து மூச்சு முட்ட வைத்திருந்தேன்.

இரண்டாவது எதிரி இடி. கோடை மழையிலும் துலாவர்ஷ மாதங்களிலும் கேரளத்தில் மின்னல் அதிகம் என்பது இங்கே வாழும் நமக்குத் தெரிந்ததே. கம்பி வழியே வரும் திடீர் மின்னழுத்தம் டிரைவரை ஒரே நொடியில் முடித்துவிடும். விலை குறைந்த பல்புகளில் இதைத் தடுக்கும் உறுப்பையே சிலர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சரம்போல் கோத்திருப்பது. ஒன்று அறுந்தாலும் சரம் முழுக்க அணையும். கெட்ட சில்லின் நடுவில் கரும்புள்ளி தெரியும். சில ரிப்பேர்க்காரர்கள் அதன் இரு முனைகளையும் ஈயத்தால் ஒட்டவைத்து எரியச் செய்வார்கள். எரியும், ஆனால் மீதிச் சில்லுகளுக்குப் பாரம் கூடும். மேலும் மூடி கழன்ற பல்பில் வீட்டு மின்சாரம் நேரடியாகவே பாயலாம். தொட்டால் ஆபத்து.

நல்ல பல்பு முடியாததா என்றால், முடியும். 2016-இல் துபாய் மாநகராட்சிக்காக பிலிப்ஸ் கொண்டுவந்த விளக்கு 3 வாட்டில் 600 லூமென் தந்தது. ரகசியம் இவ்வளவுதான்: சில்லுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் மின்சாரத்தைக் குறைத்து ஓட்டினார்கள். சூடு குறைந்தது.

நஷ்டம்தானா?

நியாயமாகச் சொன்னால் பணத்தில் நஷ்டமில்லை. என் பல்பு உழைத்தது சுமார் 1,260 மணி. 60 வாட் குண்டு பல்போடு ஒப்பிட்டால் மணிக்கு 51 வாட் மிச்சம். ஆக 64 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் 320 ரூபாய். பல்பின் விலையை அது சம்பாதித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனது. ஏமாந்தது பணத்தில் அல்ல, 'பதினோரு வருஷம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்' என்ற நம்பிக்கையில்.

செய்ய வேண்டியவை

மூடிய குடுவையில் எல்.இ.டி. பல்பைப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டுமென்றால் குறைந்த வாட் போதும். அட்டையில் மணிக்கணக்கைப் பார்ப்பதைவிட உத்தரவாத ஆண்டையும், ஐ.எஸ். 16102 தரக்குறியோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். மணிக்கணக்கைக் காட்டி யாரிடமும் பல்பை மாற்றி வாங்க முடியாது, உத்தரவாதத்தைக் காட்டி வாங்கலாம். இடி மின்னல் வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பல்பு சிமிட்டினால் அது கடைசி மூச்சு என்று அறிந்து அன்றே மாற்றிவிடுங்கள்.

"பில்லு இருக்கா சார்?" என்று அண்ணாச்சி கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் புதுசு தந்தார். தருமுன் அதன் கழுத்தில் மார்க்கர் பேனாவால் தேதியையும் எழுதினார். இப்போது எங்கள் மாடிப்படியில் குடுவை இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பல்புகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றொன்றின் வெளிச்சத்தில் அம்மா கடைசிப் படியைப் பார்த்து இறங்குவார்கள்.