நூற்கக் கற்பித்தலும் திருப்பணியே

பழநியம்பதியை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் பாலசமுத்திரம். அதற்கு அண்மையிலுள்ள பொருந்தல் என்னும் சிற்றூரில் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் அகழாய்வு நடைபெற்றது. பண்டைக் கால ஈமக்கல்லறைகளும் ஆயிரக்கணக்கான மணிகளும் அங்கு வெளிப்பட்டன. கோத்து அணிவதற்கென்றே துளையிடப்பட்ட மணிகள் அவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மணிகள் மண்ணுக்குள் நிலைத்திருக்க, அவற்றைக் கோத்த இழை மக்கி மறைந்து போயிற்று.

பஞ்சும் நாரும் விரைவில் அழியும் இயல்பின. கல்லில் வடித்த திருவுருவம், சிற்பி மறைந்த பின்னும் அவன் திறத்தைக் காட்டி நிற்கும். நூற்பவரின் திறமோ, அவர் பிறருக்குக் கற்பித்தால் மட்டுமே நிலைக்கும். கையிலிருந்து கைக்குச் செல்வதே இத்தொழில்களின் ஆயுள். இதனை உணர்ந்த நம் முன்னோர், நூற்பையும் நெசவையும் தனி ஒருவரின் தொழிலாக வைக்காமல், சங்கமாகக் கூடிக் கற்கும் கலையாகப் பேணினர்.

சங்கமே பள்ளி

ஒரு சேலை தறியினின்று இறங்குவதற்குப் பலர் கை சேர வேண்டும். வீட்டிலுள்ள முதியோரும் சிறுவரும் தார் சுற்றுவர். பாவு நூலைத் தெருவின் நெடுக நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது அண்டை வீட்டாரும் வந்து துணை நிற்பர். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பவர் வேறொருவர். குழித்தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டும் நெசவாளி இவர்கள் அனைவரின் உழைப்பையும் ஆடையாக்குகிறார். தார் சுற்றத் தொடங்கிய சிறுவன், தெருவில் நடப்பவற்றைக் கண்டும் கேட்டும், காலப்போக்கில் தறியில் அமரும் தகுதி பெறுகிறான்.

முருகப்பெருமானின் படையில் விளங்கிய வீரபாகு முதலான நவவீரர்களைத் தம் குல முன்னோராகப் போற்றுவது செங்குந்த மரபினரின் வழக்கம். தொழிலும் வழிபாடும் ஒரே சங்கத்தின் இரு கண்களாக விளங்கியமைக்கு இஃது ஒரு சான்று.

தசபுரத்துக் கல்வெட்டு

இதற்கு வடநாட்டில் பழமையான சான்று ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோர் நகரின் பழம்பெயர் தசபுரம். குசராத்தைச் சார்ந்த இலாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் சங்கத்தார் அங்குக் குடியேறினர். நெசவினால் ஈட்டிய பொருளைக் கொண்டு, ஏறத்தாழ கி.பி. 437-இல் சூரியபகவானுக்குக் கோயில் எழுப்பினர். அக்கோயில் பழுதுற்றபோது, 36 ஆண்டுகளுக்குப் பின் அதே சங்கத்தார் திருப்பணி செய்து புதுப்பித்தனர். சங்கத்தாருள் சிலர் வில்வித்தை, சோதிடம் முதலான பிற துறைகளை நாடினர் என்பதையும், ஏனையோர் நெசவையே தொடர்ந்தனர் என்பதையும் அக்கல்வெட்டு மறைக்காமல் கூறுகிறது. தொழில் மாறுதல் அன்றும் இருந்தது. எனினும் சங்கமாக நின்றமையால், ஒரு தலைமுறைக்குப் பின்னும் திருப்பணிக்கு ஆள் இருந்தனர்.

நமது பகுதியில்

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி, கைத்தறிச் சேலைகளுக்கும் சுங்குடிச் சேலைகளுக்கும் பெயர் பெற்றது. துணியைச் சிறுசிறு புள்ளிகளாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பது சுங்குடி முறை. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெண்புள்ளி மலரும். மதுரைச் சௌராட்டிரப் பெண்கள் கூடியமர்ந்து வளர்த்த கலை இது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும், இன்று பெரும்பாலான சுங்குடிகள் அச்சினாலும் மெழுகினாலும் உருவாகின்றன. கையால் முடிச்சிடுவோர் குறைந்து வருகின்றனர். குறியீடு பெயரைக் காக்கும். கலையைக் காப்பது கற்கும் கைகளே.

1946 பிப்ரவரியில் காந்தியடிகள் பழநி மலைக்கு வந்து வழிபட்டார். அடுத்த ஆண்டு, 1947-இல், மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் கோ. இராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். கதர் நூற்பும் நெசவும் அங்குக் கிராமத்தாருக்குப் பிழைப்பும் பயிற்சியும் ஆயின. சாதி வேறுபாடின்றி எவரும் இராட்டையைத் தொட்டுக் கற்கலாம் என்னும் நிலை, பழைய சங்க மரபுக்குப் புதிய விரிவைத் தந்தது.

அன்பர்கள் செய்யத்தக்கவை

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் இம்மரபைத் தம் இல்லத்திலேயே தொடரலாம். கொட்டை நீக்கிய பஞ்சை மெல்ல நீட்டி, உள்ளங்கையில் சிறிது திருநீறு தடவிக்கொண்டு உருட்டினால் திரி முறுக்கேறும். வாழைநாரைக் கிழித்து உலர்த்தி, தொடுக்கும் முன் நீரில் நனைத்தால், அறுபடாமல் மலரைப் பற்றும். இவ்விரண்டையும் பாட்டிமார் பெயரர் பெயர்த்தியருக்கு ஒரு மாலைப்பொழுதில் கற்பித்துவிடலாம். அவ்வாறு கற்ற குழந்தைகள் தாம் திரித்த திரியால் சன்னதியில் விளக்கேற்றுவது பெரும்பேறு.

இறைவனுக்கு வஸ்திரம் சாத்த விரும்புவோர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும், 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் நிலையங்களிலும் கைத்தறி ஆடையைக் கேட்டு வாங்கலாம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியில் அமர்வதற்கு, அத்தொழிலால் குடும்பம் வாழும் என்னும் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையை அளிக்க வல்லவர்கள் ஆடை வாங்கும் நாமே.

பொருந்தல் மணிகளைக் கோத்த இழை மறைந்தது. இழை முறுக்கும் அறிவு இன்றும் நம் இல்லங்களில் உள்ளது. அதனை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்போம். அருள்மிகு தண்டாயுதபாணி சுவாமியின் திருவருள் துணை நிற்பதாக.