எம்ஷருக்கு அடியில் ஓர் எம்ஷர்

மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் நெருங்கி நின்ற ஊர்களின் வழியே ஓடி ரைன் நதியில் கலக்கிறது எம்ஷர் ஆறு. கூவத்தைத் தினமும் கடக்கும் சென்னைவாசிகளுக்கு அதன் பழைய நிலையை விளக்க வேண்டியதில்லை. நூறாண்டுக்கும் மேலாக அது திறந்த சாக்கடையாக இருந்தது. ஆனால் எம்ஷரைத் திட்டம் போட்டுத்தான் சாக்கடையாக்கினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கழிவுநீர் வடிய வழியில்லாமல் தெருக்களில் தேங்கியது. டைபாய்டும் காலராவும் பரவின. 1899இல் நகராட்சிகளும் சுரங்க நிறுவனங்களும் ஆலைகளும் சேர்ந்து எம்ஷர்கெனோசன்ஷாஃப்ட் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. பூமிக்குள் குழாய் பதித்தால் முடிந்தது என்றுதானே தோன்றும்? அது நடக்காத காரியம். அடியில் கரியை வெட்டி எடுக்க எடுக்க மேலே நிலம் அமிழ்ந்தது. சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். புதைத்த குழாய் உடையும், சரிவு தலைகீழாக மாறும். திறந்த கால்வாய் என்றால் கரையை உயர்த்தி, தளத்தைச் சீராக்கி, மறுபடி ஓடவிடலாம். அதனால் வளைந்து நெளிந்த ஆற்றை நேராக்கி, அடியில் கான்கிரீட் பலகைகளைப் பதித்தார்கள். தாழ்ந்த நிலத்தில் ரைனை எட்டச் சரிவு போதாமல் 1910இலும் 1949இலும் ஆற்றின் முகத்துவாரத்தையே வடக்கே நகர்த்தினார்கள்.

1980களில் சுரங்கத் தொழில் வடக்கே நகர்ந்துவிட, நிலம் அமிழ்வது நின்றது. குழாய் பதிக்க முதன்முறையாக வழி பிறந்தது. முப்பதாண்டு வேலை, 500 கோடி யூரோவுக்கும் மேல் செலவு. ஆற்றுநீரை வடிகட்டுவதில் அவர்கள் இறங்கவில்லை. சாக்கடைக்கென்று கீழே தனி ஆறு ஒன்றை வெட்டினார்கள். டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கி.மீ. நீளம், பூமிக்கு அடியில் 8 முதல் 40 மீட்டர் ஆழம்.

அதன் சூட்சுமமெல்லாம் ஓர் எண்ணில் இருக்கிறது: கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சரிவு. இதைவிடக் குறைந்தால் கசடு அடியில் தங்கி அடைத்துக்கொள்ளும். கூடினால், கால்வாய் வெகு சீக்கிரம் பாதாளத்துக்குப் போய்விடும். இந்தச் சரிவில் கழிவுநீர் மணிக்கு சுமார் 4 கி.மீ. வேகத்தில், நாம் நடக்கிற வேகத்தில், தானாகவே போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 51 கி.மீட்டருக்கு 76 மீட்டர் இறக்கம்! அதனால்தான் கெல்சன்கிர்ஷன், பொட்ராப், ஓபர்ஹவுசன் ஆகிய மூன்று ஊர்களில் கழிவுநீர் உந்து நிலையங்கள். ஓபர்ஹவுசனில் சுமார் 40 மீட்டர் ஆழத்திலிருந்து வினாடிக்கு 16,500 லிட்டர் வரை மேலே ஏற்ற முடியும்.

இத்தனை துல்லியமான சரிவை ஊர்களுக்கு அடியில் எப்படிக் கொண்டுவந்தார்கள்? பெரும்பகுதிக்குத் தெருவைத் தோண்டவே இல்லை. ஆழமான கிணறு ஒன்றை இறக்கி, அதற்குள்ளிருந்து துளைபொறியைக் கிடைமட்டமாகச் செலுத்தினார்கள். அதன் பின்னாலேயே கான்கிரீட் குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் முழு வரிசையையும் முன்னே தள்ளினார்கள். முதலில் இறங்கிய குழாய்தான் அடுத்த கிணறு வரை பயணம் போகும். இதற்குக் குழாய் உந்துமுறை என்று பெயர்.

எனக்குப் பெரிதும் வியப்பூட்டுவது பராமரிப்பு. இந்தக் கால்வாயை ஒருநாளும் காலி செய்ய முடியாது. பல லட்சம் மக்களின் கழிவுநீர் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். நீருக்குள் இருக்கும் பகுதியைவிட மேற்கூரைக்குத்தான் ஆபத்து அதிகம். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஈரமான கூரையில் படிய, அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அமிலம் கான்கிரீட்டைத் தின்னும். ஆட்களை உள்ளே இறக்காமல் பார்வையிடவும் சுத்தம் செய்யவும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ரோபோக்களை வடிவமைத்தது. மனிதர் சாக்கடைக்குள் இறங்கிச் சாகும் நம் நாட்டில் இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

2021 முடிவில் எம்ஷரில் சாக்கடை கலப்பது முற்றிலும் நின்றது. க்ரோப்பே என்ற சிறுமீன் இனம் போயே என்ற கிளையோடையின் தூய்மையான மேற்பகுதியில் மட்டும் பல தலைமுறைகளாகத் தப்பிப் பிழைத்திருந்தது. நீச்சல் பை இல்லாத மீன் அது. சின்னத் தடுப்பைக்கூடத் தாண்டாது. அதைப் பிடித்து, புதுப்பிக்கப்பட்ட வேறு ஓடைகளில் விட்டார்கள். 2022இல் ரைனோடு கலக்குமிடத்தில் இருந்த உயரமான வீழ்ச்சியும் போய், ஆற்றுமீன்கள் ஏறிவர மென்சரிவான புது முகத்துவாரம் திறந்தது.

கரிக்காகத் தாழ்ந்த நிலம் மட்டும் திரும்ப எழும்பாது. அங்கே சேரும் நீரை ஓயாமல் இறைக்கும் பம்புகளை நிறுத்தினால் எம்ஷர் வடிநிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நீரில் மூழ்கும். கடைசிக் கரிச்சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்கங்கள் விட்டுச்சென்ற இதுபோன்ற முடிவில்லாத வேலைகளின் செலவை ஏற்பதற்காகவே 2007இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, அதற்கு முதலீடும் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.