கிழிய வேண்டிய தையல்

திருப்பூரில் தையல் பிரிந்தால் குற்றம். தோள்பட்டையில் ஓவர்லாக் அரை அங்குலம் விட்டுப்போயிருந்தாலும் செக்கிங் மேசையில் அந்தப் பீஸ் ஒதுங்கிவிடும். ஆனால் அதே ஊரின் அவிநாசி சாலையில் ஓடும் புது எஸ்யூவிகள் பலவற்றில், முன்சீட்டின் முதுகுப்பகுதியில், கதவை ஒட்டிய ஓரத்தில் ஒரு தையல் இருக்கிறது. அது பிரிவதற்கென்றே போட்ட தையல். தேவைப்படும் நொடியில் பிரியாவிட்டால்தான் குற்றம்.

அதன் பின்னால் மடிந்து கிடப்பது பக்கவாட்டு ஏர்பேக். முன்னாலிருந்து மோதினால் இடையில் பானட், இன்ஜின் என்று நசுங்க இடமிருக்கிறது. பக்கத்திலிருந்து மோதினால் நமக்கும் மோதுகிற வண்டிக்கும் நடுவே ஒரு கதவுதான். ஸ்டியரிங்கில் உள்ள பை விரிய ஏறத்தாழ 30 மில்லி விநாடி ஆகும்; பக்கவாட்டுப் பைக்குக் கிடைப்பதோ 10 முதல் 20 மில்லி விநாடி. ஒரு தடவை கண் இமைக்கவே 100 மில்லி விநாடிக்கு மேல் பிடிக்கிறது. பக்கவாட்டுப் பையோ தனக்குக் கிடைத்த அந்தச் சில மில்லி விநாடிக்குள் மோதலை உணர்ந்து, வாயு பொங்கி, பை புடைத்து, சீட் துணியைக் கிழித்துக்கொண்டு விலாவுக்கும் கதவுக்கும் நடுவே வந்து நிற்க வேண்டும்.

துணியைத் தெரிந்த ஊருக்கு இதில் ஒரு புதிர் தென்படும். பல கார்களில் சீட்டின் மேல்துணி நிட்டிங் துணி. ரெக்சின், லெதரெட் என்று விற்கும் செயற்கைத் தோலைத் திருப்பிப் பார்த்தால்கூடப் பல வகைகளில் அடியில் இருப்பது பின்னல் துணிதான். வளைவுகளில் சுருக்கமில்லாமல் படிவது அதனால்தான். பின்னலில் நூல் நேராக ஓடுவதில்லை, வளையம் வளையமாகக் கோத்து நிற்கிறது. இழுத்தால் முதலில் வளையங்கள் உருமாறிக் கொடுக்கும்; நூலின் பலம் அதற்குப் பிறகுதான் சோதனைக்கு வரும். பனியன் உடம்போடு போய்வருவது இந்தக் குணத்தால். ஆனால் உள்ளிருந்து ஒரு பை சீறி எழும்போது இதே குணம் எதிரியாகிறது. துணி நீண்டு கொடுத்தால் விசை பரவிப்போகும், தையல் பிரிவது தாமதமாகும்.

அதற்குக் கண்டுபிடித்த வழி என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. நீளும் மேல்துணிக்கு உள்ளே, பையைச் சுற்றி, நீளாத நெசவுத் துணி ஒன்றை வைத்து அந்த ஓரத் தையலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். பையின் தள்ளல் அங்குமிங்கும் சிதறாமல் அந்த ஒரே கோட்டில் குவிகிறது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சிறு வெட்டு இருப்பதால் விரலின் பலம் முழுவதும் அங்கே போய்ச் சேர்கிறதே, அது மாதிரி. பையும் நெசவுத் துணிதான்: பெரும்பாலும் நைலான் 66 இழையில் நெருக்கமாக நெய்தது. திருப்பூர் அறிந்த பின்னலும், பல்லடமும் சோமனூரும் அறிந்த நெசவும் அந்த ஓர் அடி நீளத்தில் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன. எந்த நூல், என்ன இழுவிசை, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதெல்லாம் அங்கே கண்டிப்பான கணக்கு. இந்தத் தையலுக்கென்றே உள்ள மெஷின்கள் நூலின் இழுவிசையைக் கண்காணித்து, ஒவ்வொரு கவருக்கும் பதிவு வைக்கின்றன.

இப்போது ஷோரூமிலிருந்து வண்டி வருகிறது. முதல் வாரமே சீட் கவர் கடைக்குப் போகிறோம். "நல்லா டைட்டா போட்டுக் குடுங்கண்ணா" என்கிறோம். அவரும் கெட்டி நூலில் இழுத்துத் தைத்துத் தருகிறார். கிழிய வேண்டிய தையலின் மேல் கிழியாத துணி ஏறிவிட்டது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரிலிருந்து தரும் நட்சத்திரங்களில் கதவின் மீது மணிக்கு 50 கி.மீ. வேகத் தடுப்புவண்டி மோதும் சோதனையும், கம்பத்தில் 29 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையும் உண்டு. அந்த நட்சத்திரங்களை வாங்கிய வண்டி கம்பெனி சீட்டோடு வந்தது. நாம் போட்ட கவரோடு அல்ல.

அதனால் கவர் வாங்குமுன் இரண்டு பார்வை போதும். சீட்டின் வெளி ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சிறு பட்டை இருக்கிறதா? இருந்தால், கவரின் அந்தப் பக்கம் திறந்தே இருக்க வேண்டும். அல்லது கவர் அந்த மாடலுக்கென்று சோதித்து, பிரியும் தையலோடு செய்ததாக இருக்க வேண்டும். கவரை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்து பழகிய யாருக்கும் அந்த ஓரத்துத் தையல் தனியாகத் தெரியும். தெரியாவிட்டால் அது வேண்டாம்.

வியர்வை இன்னொரு கணக்கு. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப்போகிறது. செயற்கைத் தோல் ஆவியை விடாது. முதுகு நனையும், ஆறாது. காற்றோட்ட சீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு அதன் துளைகளைக் கவரால் அடைப்பது எனக்கு மனம் ஒப்பாத செலவு. மூடித்தான் ஆக வேண்டுமென்றால் ஏர் மெஷ் எனப்படும் ஸ்பேசர் துணியைக் கேளுங்கள். மேலும் கீழும் தனித்தனித் துணி, நடுவே விறைப்பான பாலியஸ்டர் இழைகள் நிமிர்ந்து நிற்கும். அந்த இடைவெளியில் காற்று ஓடும். இன்டர்லாக் மெஷினின் டயல், சிலிண்டர் ஊசிகளோடு பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: இரண்டு வரிசையும் ஆளுக்கொரு துணியைப் பின்ன, ஓர் இழை மட்டும் இங்குமங்குமாகப் போய்வருகிறது. காட்டன் கவர் தொட இதம்தான். ஆனால் கண்ணாடி வழியே வரும் வெயிலைப் பாலியஸ்டர் அளவுக்கு அது தாங்காது, வியர்வையைக் குடித்துக்கொண்டு காய நேரமெடுக்கும்.

சீட்டைத் தாண்டினால், வண்டியின் முன்னால் மாட்டும் கம்பித் தடுப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதைத் தடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. வண்டி எப்படி நசுங்கும் என்பதை வைத்துத்தான் ஏர்பேக் உணரிகளின் கணக்கு. கம்பி அந்தக் கணக்கைக் கலைக்கிறது, குறுக்கே வருபவரின் எலும்பையும் முறிக்கிறது.

கால்மிதி அற்பமாகத் தோன்றும். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான்டீ என்ற ஊருக்கு அருகே, ஒரு லெக்சஸ் கார் வேகம் குறையாமல் ஓடி மோதி நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான கெட்டி ரப்பர் மேட் அதில் கிடந்தது; ஆக்சிலரேட்டர் அதில் மாட்டிக்கொண்டது. பிறகு டொயோட்டா 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அந்த மாடலுக்கு வெட்டிய மேட்டாக, தரையிலுள்ள கொக்கியில் மாட்டுவதாக, ஒன்றன்மேல் ஒன்று போடாததாக இருந்தால் விலை எதுவானாலும் அது நல்ல மேட்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் பணம் முதலில் போக வேண்டியது குழந்தை சீட்டுக்கு. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட்டிலோ குழந்தை சீட்டிலோ பிணைக்கச் சொல்கிறது. பாரத் என்கேப் குழந்தைப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் 49 புள்ளிகளில் பெரும்பகுதி, குழந்தை சீட்டைப் பொருத்தித்தான் அளக்கப்படுகிறது. மடியில் உட்கார்ந்துவரும் குழந்தைக்கு அந்தப் புள்ளிகள் சொந்தமில்லை. ஐரோப்பாவின் ஐ-சைஸ் விதி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே உட்கார வேண்டும் என்கிறது. கைக்குழந்தையின் தலை உடம்பைப் பார்க்கக் கனமானது. பின்னோக்கி இருந்தால் மோதலின் விசையைக் கழுத்து தனியே தாங்காமல் முதுகு முழுவதும் வாங்கிக்கொள்கிறது. செயல்படும் ஏர்பேக்குக்கு முன்னால் மட்டும் இந்தச் சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை அதன் முதுகில் அறையும்.

அந்தச் சீட்டைப் பூட்டும் ஐசோபிக்ஸ் கம்பிகள், பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் ஒளிந்திருக்கின்றன. நம் சீட் கவர்கள் மூடிவிடும் இன்னோர் இடம் அது. கவருக்கு அளவெடுக்கும்போதே அந்தக் கம்பிகளை விரலால் தொட்டுக் காட்டி, அங்கே வாய் விட்டுத் தைக்கச் சொல்லிவிடுங்கள்.