325 கிலோ வளையும் நாலு ஆட்களும்

குண்டசாலை, திகன, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களில் ஒரு பழைய வீட்டை இடித்தால், ஓடும் கதவும் யன்னலும் முதலில் விலைபோய்விடும். கூரையைச் சுமந்த நீண்ட வளைகளும் தூண்களும்தான் கடைசியில் முற்றத்தில் கிடக்கும். பெரும்பாலும் அவற்றை அங்கேயே நாலடித் துண்டுகளாக அறுத்துவிடுகிறார்கள். 'இதை யார் தூக்குவது?' என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் இயற்பியலுக்கு முன் நிற்காது என்பதே என் வாதம். பன்னிரண்டு அடி நீளமும் ஓரடி கனமும் உள்ள வைரம் பாய்ந்த வளை ஒன்று கிடைக்க, ஒரு மரம் பல பத்தாண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். பலா மரத்தை வெட்ட 1951ஆம் ஆண்டு மரம் வெட்டல் (கட்டுப்பாட்டு) சட்டத்தின்படி இன்றும் அனுமதி பெறவேண்டும். அப்படிப்பட்ட மரத்தை மூன்று துண்டாக்கினால், அது இனி எந்த அறையின் மேலும் குறுக்கே கிடக்க முடியாது. துண்டுகளின் மொத்த எடை அதேதான், ஆனால் வளை போய்விட்டது.

மலைநாட்டுக்கு இது புதிய சிக்கல் அல்ல. எம்பெக்கே தேவாலயத்தின் மேளமண்டப மரவேலைகளில் ஒரு பகுதி, கம்பளையில் கைவிடப்பட்ட அரச மண்டபம் ஒன்றிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது மரபு. கண்டி அரண்மனையின் அரசவை மண்டபமான மகுல் மடுவவின் கட்டுமானம் 1783இல் தொடங்கியது. அதை 1872இல் நீட்டியபோது, அரண்மனையின் பழைய கட்டடங்களில் நின்ற செதுக்குத் தூண்களை எடுத்து அங்கே நட்டார்கள். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் எழுந்த பாலம், ஏறத்தாழ 205 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டியது. அது முழுவதும் முதிரை. 1905இல் இரும்புப் பாலம் வரும்வரை நின்றது. கண்டிக்கு ரயில் வந்ததே 1867இல்தான் என்பதை நினைத்தால், அந்த மரங்கள் எப்படி ஆற்றங்கரைக்கு வந்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். 'அரசர்களிடம் இராஜகாரியம் இருந்தது, ஊரையே கூட்டி இழுக்கவைத்தார்கள்' என்று சிலர் சொல்லலாம். ஊழிய உழைப்பு இருந்தது உண்மை. அதன் கொடுமையும் உண்மை. ஆனால் பன்னிரண்டு அடி வளையின் கீழ் எட்டுப் பேருக்கு மேல் தோள் கொடுக்க இடமே இல்லை. ஆயிரம் பேர் நின்றாலும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நெம்புகோலும் உருளையும் கயிறும் இல்லாமல், ஆள்பலம் மட்டும் அந்த வேலையை முடித்திருக்காது.

கணக்குப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்த முதிரை ஒரு கன அடி ஏறத்தாழ 27 கிலோ. நம் வளையில் 12 கன அடி, ஆக 325 கிலோ. (பலாவானால் இதில் மூன்றில் இரண்டு பங்கு, பச்சை மரமானால் இரண்டுமே இன்னும் கனக்கும். பழைய வீட்டு மரத்தில் நீர் எப்போதோ வற்றிவிட்டது என்பது நமக்கு ஆதாயம்.) இதை மண்ணில் இழுக்க எடையில் பாதியளவு விசை, அதாவது 160 கிலோ இழுவை வேண்டும். பலகை விரித்து அதன்மேல் உருளைகளில் ஏற்றினால் 16 கிலோவுக்குள் அடங்கிவிடும். இரண்டு பேர் தள்ளலாம். பலகை அவசியம், ஏனென்றால் உருளை மண்ணில் புதைந்தால் அது உருளை அல்ல, தடைக்கட்டை. வளையை உருளைமேல் ஏற்றுவதற்கு அலவாங்கு போதும். ஐந்தடி அலவாங்கின் நுனியிலிருந்து நாலு அங்குலத்தில் தாங்குகட்டையை வைத்தால், கைப்பக்கம் பதினாலு மடங்கு நீளம். வளையின் ஒரு முனையில் இருப்பது பாதி எடைதான். எனவே பன்னிரண்டு கிலோ அழுத்தத்தில் அது எழும்பும். இரண்டு அங்குலம் எழுந்ததும் கட்டையைச் செருகி, மறுமுனைக்குப் போய், மீண்டும் திரும்பி வந்து, அடுக்கை உயர்த்திக்கொண்டே போகலாம். திசை திருப்ப வேண்டுமானால் முன் உருளையைச் சுத்தியலால் தட்டிச் சற்றுச் சாய்த்தால் போதும்; அங்கே கை வைக்கக் கூடாது.

குண்டசாலையில் ஆற்றை நோக்கிச் சரியும் வளவுகளில் உண்மையான சவால் இழுப்பதல்ல, இறக்குவது. சரிவில் வளை தன் விருப்பத்துக்கு ஓடப்பார்க்கும். இங்கேதான் கயிறு தன் வல்லமையைக் காட்டுகிறது. வேரூன்றிய மரம் ஒன்றில் கயிற்றைச் சுற்றிப் பிடித்தால், ஒவ்வொரு சுற்றும் பிடிப்பைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் குணகம் 0.25 என்று குறைத்தே வைத்தாலும், ஒரு சுற்றில் ஏறத்தாழ ஐந்து மடங்கு, இரண்டு சுற்றில் இருபத்து மூன்று மடங்கு, மூன்று சுற்றில் நூறு மடங்குக்கு மேல். 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஒய்லர் இதைச் சூத்திரமாக எழுதினார். கப்பலோட்டிகளின் கைக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 30 பாகைச் சரிவில் நம் வளை கீழே இழுப்பது 160 கிலோ சொச்சம். இரண்டு சுற்றுப் போட்ட கயிற்றின் நுனியை ஏழு கிலோ விசையில் ஒருவர் பிடித்துக்கொண்டு, விரும்பிய வேகத்தில் தளர்த்திக்கொண்டே போகலாம்.

ஆபத்து அல்லவா என்று கேட்பது நியாயம். ஆனால் ஆபத்து எந்த முறையில் அதிகம்? எட்டுப் பேர் தோளில் தூக்கும்போது ஆளுக்கு நாற்பது கிலோ என்று நினைக்கிறோம். வளை வளைந்துகொடுக்காது, தரை மேடுபள்ளம். பள்ளத்தில் கால் வைத்தவரின் தோளிலிருந்து மரம் விலகும். அவர் பங்கு மேட்டில் நிற்பவர் முதுகில் இறங்கும். ஒருவர் சறுக்கினால் மற்ற ஏழு பேரும் சிக்குவார்கள். அலவாங்கு முறையில் வளை தன் தாங்குகட்டைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் எழுவதே இல்லை. தவறினாலும் விழும் உயரம் அவ்வளவுதான். கயிறு கட்டி இறக்கும்போது கீழ்ச்சரிவில் ஒருவரும் நிற்கக் கூடாது, நைந்த கயிறு ஆகாது. இந்த இரண்டில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

'பெக்கோ ஒன்று வந்தால் பத்து நிமிட வேலை' என்பது அடுத்த மறுப்பு. அகலமான பாதை இருந்தால் பெக்கோவையே கூப்பிடுங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒற்றையடிப் பாதையும் படிக்கட்டுமாக இருக்கும் மேட்டு வீடுகளுக்கு அது ஏற வேண்டுமென்றால், சரிவை வெட்டிப் பாதை போட வேண்டும். கண்டி மாவட்டத்தில் சரிவின் அடியை வெட்டுவது மண்சரிவுக்கு வழிவிடுவது. தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. கூலிக் கணக்கும் அறுப்பதற்குச் சாதகமாக இல்லை. அறுப்பவருக்கும் கூலி உண்டு, துண்டுகளைச் சுமப்பவருக்கும் உண்டு. மரக்காலையில் நீளமும் கனமும் கூடினால் கன அடி விலையும் ஏறுகிறது. ஆணியும் கறையானும் மட்டுமே கவனிக்க வேண்டிய குறைகள். காந்தத்தால் தேடி, சுத்தியலால் தட்டிக் கேட்டால் இரண்டும் தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் நேரம் இருப்பது சுவர் நிற்கும்போதுதான். ஓட்டை இறக்கிய உடன், வளை இன்னும் சுவர்மேல் இருக்கையில், அதன் கீழ் அடுக்கை எழுப்பி, முனைமுனையாகக் கட்டைகளை உருவி இறக்கலாம். எந்த மரத்தில் கயிற்றைச் சுற்றுவது, பலகை எங்கே தொடங்குவது, லொறி எங்கே நிற்பது என்பதையும் அப்போதே அளந்துவிடலாம். சுவரை முதலில் தள்ளினால் வளை எட்டடி உயரத்திலிருந்து விழும். விழுந்த வேகத்தில் நீளத்தோடு பிளந்த மரத்தை எந்த அலவாங்கும் திருப்பிக் கொடுக்காது.