சுவரில் மாட்டிய லைசன்ஸ்

அமெரிக்க வானொலி நிலையங்களில் 1970கள் வரை டிரான்ஸ்மிட்டர் பக்கத்துச் சுவரில் பிரேம் போட்ட காகிதங்கள் வரிசையாகத் தொங்கும். அவை பணியில் இருக்கும் ஆபரேட்டர்களின் லைசன்ஸ்கள். டிரான்ஸ்மிட்டரைக் கவனிப்பவர் தம் லைசன்ஸை வேலை செய்யும் இடத்திலேயே பார்வைக்கு வைத்தாக வேண்டும் என்பது, தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி. சோதனைக்கு வரும் அதிகாரி சுவரையும் பார்ப்பார், பதிவேட்டையும் புரட்டுவார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவரின் பெயர் சுவரில் இல்லையென்றால் நிலையம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. டைட்டானிக் மூழ்கிய 1912ஆம் ஆண்டிலேயே, ரேடியோ ஆபரேட்டருக்கு லைசன்ஸ் கட்டாயம் என்று அமெரிக்கா சட்டம் செய்தது. பின்னாளில் ஒலிபரப்பு பெருகியபோது, ஒரு நிலையத்தின் அலைவரிசை கொஞ்சம் நகர்ந்தாலும் பக்கத்து நிலையம் கெட்டது. வால்வு டிரான்ஸ்மிட்டர்களை நம்பி விட்டுவிட்டுப் போக முடியாது. 1950களில் ஆபரேட்டர் அரை மணிக்கொரு முறை மீட்டர்களைப் பார்த்து, பிளேட் வோல்டேஜ், பிளேட் கரண்ட், ஆன்டெனா கரண்ட் என்று பதிவேட்டில் எழுதுவார்.

லைசன்ஸ்களில் உச்சியில் இருந்தது முதல் வகுப்பு ரேடியோ டெலிபோன் லைசன்ஸ். தொழிலில் அதன் பெயர் ‘ஃபர்ஸ்ட் போன்’. சட்டம், இயக்கும் முறை, ரேடியோ அடிப்படை, உயர்நிலைத் தொழில்நுட்பம் ஆகிய நான்கிலும் தேற வேண்டும். 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களிலும், குறிப்பிட்ட திசையில் அலையைச் செலுத்தும் ஆன்டெனா உள்ள ஏஎம் நிலையங்களிலும் இந்த லைசன்ஸ் உள்ளவர் பணியில் இருந்தே ஆக வேண்டும். நிலைய முதலாளிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அறிவிப்பாளரே ஃபர்ஸ்ட் போன் வைத்திருந்தால் ஒரு சம்பளம் மிச்சம். நல்ல குரல் இருந்தும் லைசன்ஸ் இல்லாததால் வேலை கிடைக்காத நிலை வந்தது.

உடனே பயிற்சிப் பள்ளிகள் முளைத்தன. சில வாரங்களில் கேள்வியையும் விடையையும் உருப்போட வைத்துத் தேர்வுக்கு அனுப்பின. சால்டரிங் அயர்னைத் தொட்டே பார்க்காதவரின் சுவரிலும், இருபது வருடம் டிரான்ஸ்மிட்டரோடு மல்லுக்கட்டியவரின் சுவரிலும் ஒரே காகிதம் தொங்கியது. லைசன்ஸின் மதிப்பு போனது இங்கேதான். அரசு அதை ரத்து செய்தது பிறகு நடந்தது.

கருவிகள் தம்மைத் தாமே சீராக வைத்துக்கொள்ளும் அளவுக்கு முன்னேறியதும் 1980களின் தொடக்கத்தில் ஃபர்ஸ்ட் போன் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குப் புதுப்பிக்கும்போது பொது ரேடியோ டெலிபோன் லைசன்ஸ் தரப்பட்டது. அதற்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி. 1995இல் ஆளில்லாமலே நிலையத்தை இயக்க அனுமதி வந்தது. நிலையத்தின் சொந்த லைசன்ஸைக் காட்சிக்கு வைக்கும் விதியையும் 2018இல் எஃப்சிசி கைவிட்டது.

பொது லைசன்ஸ் இன்றும் வழக்கில் இருக்கிறது. விமானம், கப்பல் ஆகியவற்றின் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களைப் பழுது பார்க்க அது தேவை. சட்டப் பகுதியில் 24க்கு 18, தொழில்நுட்பப் பகுதியில் 100க்கு 75 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஒலிபரப்பு வேலைக்குச் சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆனாலும் பொறியாளர் வேலை விளம்பரங்களில் ‘இருந்தால் நல்லது’ என்று போடுகிறார்கள்.

அரசு விட்ட இடத்தை நிரப்பியது தொழில் அமைப்பு. 1964இல் தொடங்கிய ஒலிபரப்புப் பொறியாளர் சங்கமான எஸ்பிஇ, படிப்படியான சான்றிதழ்களைத் தருகிறது. பொறியாளர் நிலைக்கு ஐந்து ஆண்டு அனுபவம், முதுநிலைக்குப் பத்து, உச்ச நிலைக்கு இருபது. ஐந்து ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத இந்தச் சான்றிதழைச் சில வாரப் பயிற்சியில் வாங்கிவிட முடியாது. வேலைக்கு ஆள் எடுப்பவர் அதில் பார்ப்பதும் அந்த அனுபவத்தைத்தான்.